பன்னிரண்டு நாள் படிப்பும் ஒரு கதவும்

எங்கள் மருத்துவமனையின் பொய்க்கூரைக்கு மேலே எது எங்கே ஓடுகிறது என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் கேபிள் அக்காதான். ஐந்து மாடி, இருநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் போகிற நீல வயரை அவர் இழுத்திருப்பார், இல்லாவிட்டால் வேறு யாரோ இழுத்ததைத் திட்டிக்கொண்டே திருத்தியிருப்பார். ஒன்பது வருடமாக இதே வேலை. ஒன்பது வருடமும் ஒப்பந்தம்தான். நான் ஸ்டோர் கீப்பர். வயரும் பிளக்கும் என் அலமாரியிலிருந்து கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே போகும். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என்னைவிட எட்டு வயது இளையவர். இருந்தாலும் எல்லாரையும் போல நானும் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். உறவுக் கணக்கு இடிக்கும். இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஏணியின் மேல்படியில் நின்று தலையைக் கூரைக்குள் விட்டால் கீழே இருப்பவர்களுக்குச் செருப்பு மட்டும்தான் தெரியும். “நெட் வரல” என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் ஏணியை விரித்துவிடுவார். “எலி கடிச்சிருக்கும். இல்லேன்னா எவனாவது வயர் மேல நாற்காலியை ஏத்தியிருப்பான்” என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகத்தான் இருக்கும்.

போன வருடம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. நெட்வொர்க் பிரிவு என்று ஒன்று புதிதாக வருகிறது. ஒப்பந்த ஆட்களில் யார் நாலு மாதத்துக்குள் நெட்வொர்க் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ அவர்களுக்கு நிரந்தர வேலை. கொடுக்காதவர்களுக்கு, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி. சுற்றறிக்கையை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நன்றின்னு கீழ போட்டிருக்கா, மேல போட்டிருக்கா?” என்றார். கீழேதான் என்றேன். “அப்போ நிஜமாத்தான் அனுப்பப் போறாங்க” என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில், ஒரு பயிற்சி மையம் இருந்தது. பன்னிரண்டு நாள் தீவிரப் பயிற்சி, தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று பலகை. கட்டணத்தை விசாரித்துக்கொண்டு வந்த அக்கா என் மேஜைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விஷயம் இதுதான். அவரும், பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவரும், பதினோராம் வகுப்பு மகளும் இருப்பது ஒரே அறை. மகள் வளர்ந்துவிட்டாள், உடை மாற்றக்கூட அப்பாவை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளறையும் கதவும் உள்ள ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க மூன்று வருடம் சேர்த்திருந்தார்கள். வீடும் பார்த்தாகிவிட்டது. அந்த அட்வான்ஸும் பயிற்சிக் கட்டணமும் ஏறக்குறைய ஒரே தொகை.

“வேலை போனா வீட்டை எப்படிண்ணா வெச்சிருப்பேன்? வீட்டை விட்டா எம் பொண்ணு மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?”

நான் என் கதையைச் சொன்னேன். பத்து வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மையத்தில் நானும் பணம் கட்டினேன். அழகான முதுகுப்பை ஒன்று கொடுத்தார்கள், ஒரு டீஷர்ட் கொடுத்தார்கள். பரீட்சைக்குக் கட்டணம் தனி என்று கடைசி நாளில் சொன்னார்கள். நான் பரீட்சை எழுதவேயில்லை. பையில் இன்றைக்கும் காய்கறி வாங்குகிறேன். தையல் பிரியவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “காதுல பூ சுத்துறவங்க அக்கா. பணத்தைக் கட்டிடாதீங்க” என்றேன்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்வாங்க இல்ல? முதல்ல அளந்து பாக்கறேன்” என்றார். அளப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நூறு மீட்டர் சுருளில் ஒரு முழம் மிச்சமானால்கூடத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷி.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வரவேற்பில் டை கட்டிய ஓர் இளைஞர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வாய்ப்பந்தல் போட்டார். இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி. நாளைக்குக் கிடையாது. அக்கா அவர் பேச்சைக் கேட்கவேயில்லை. பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே படித்து வென்றவர்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வேலை பார்க்கும் இடம்.

“அரை நாள் கிளாஸ்ல உக்காந்து பாக்கலாமா?”

மாதிரி வகுப்பு உண்டாம். உட்கார்ந்தோம். திரையில் ஒரு கேள்வி வந்தது, நாலு விடையோடு. ஆசிரியர் கேள்வியைப் படிக்கவில்லை. “நாப்பத்தி மூணு?” என்றார். இருபது பேரும் ஒரே குரலில் “சி!” என்றார்கள். “நாப்பத்தி நாலு?” “ஏ!” பழைய பரீட்சைக் கேள்விகளை எங்கிருந்தோ பிடித்து வந்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அறையின் மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் இருந்தது. விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. பல கம்ப்யூட்டர் வயர்கள் வந்து சேர்ந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற பெட்டி. அக்கா கையைத் தூக்கினார்.

“சார், அதை எப்போ தொடுவோம்?”

“அது டிஸ்பிளேக்கு மேடம். சாவி மேனேஜர்கிட்ட இருக்கு.”

இருபது பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வெளியே வரும்போது சுவர்ப் படங்களின் கீழே இருந்த இடங்களில் மூன்றைக் குறித்துக்கொண்டார். பரீட்சைக் கட்டணமும் இதில் சேர்ந்ததுதானா என்றும் மறக்காமல் கேட்டார். டை இளைஞர் குரலைத் தாழ்த்தி, “அது மட்டும் தனி” என்றார். நான் என் காய்கறிப் பையை நினைத்துக்கொண்டேன்.

படத்தில் இருந்த முதல் ஆளைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அந்த டை இளைஞர்தான் அது, கொஞ்சம் ஒல்லியாக. வேலை கிடைத்தது என்பது பொய்யில்லை. அவர்களே வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டாவது ஆள் ஒரு செல்போன் கடையில் கவர் விற்றுக்கொண்டிருந்தார். சான்றிதழ் இருக்கிறது, தொண்ணூறு சதவீத மதிப்பெண். நேர்முகத்தில் ஒரு துண்டு வயரையும் பிளக்கையும் கையில் கொடுத்து மாட்டச் சொன்னார்களாம். “அந்தக் கேள்வி எங்க லிஸ்ட்லயே இல்லக்கா” என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அக்கா அங்கேயே அவருக்கு வயருக்குள் இருக்கும் எட்டு நிற இழைகளையும் எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் காட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவது படம் ஒரு பெண். நிஜமாகவே ஒரு வங்கியின் நெட்வொர்க் பிரிவில் இருந்தார். சாப்பாட்டு இடைவேளையில், வங்கி மாடிப்படியில் வைத்துப் பேசியதை அக்கா மறுநாள் எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

“படிப்பு நல்லா இருந்துச்சாம்மா?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“அங்க சொன்னதெல்லாம் புத்தகத்துல இருக்குக்கா. புத்தகம் லைப்ரரிலயே கிடைக்குது. சர்டிபிகேட் வேணும், அது இல்லாம எந்த ஆபீஸ்லயும் கூப்பிடக்கூட மாட்டாங்க. ஆனா அதுக்குப் பரீட்சை எழுதினாப் போதும், அங்க போகணும்னு கட்டாயமில்ல.”

“அப்புறம் ஏன் அவ்வளவு காசு குடுத்தே?”

“எனக்கு அப்போ கைக்குழந்தை. கிளாஸுக்குப் போறேன்னு சொன்னதால வீட்ல விட்டாங்க. வீட்டுலயே படிக்கறேன்னு சொல்லியிருந்தா, ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள அடுப்பைப் பாருன்னு கூப்பிட்டிருப்பாங்க. பன்னெண்டு நாள், காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடல. நான் காசு குடுத்தது அதுக்குத்தான்.”

இதைச் சொல்லிவிட்டு அக்கா மேஜையில் கிடந்த ஒரு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சட்டென்று வயர் எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அக்காவை அவர் வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் யாரும் கூப்பிடாமல் இருந்தது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இல்லையாம்.

“முடிவு பண்ணிட்டேண்ணா. பணத்தை வீட்டுக்கே குடுக்கறேன்.”

“அப்போ சர்டிபிகேட் வேண்டாமா?”

“யாரு சொன்னா? அந்த வீட்ல கதவு இருக்குல்ல. முதல்ல நான் சாத்திக்கறேன்.”

வீடு மாறினார்கள். முதல் நாளே பூகம்பம். மகள் தன் புத்தகங்களை உள்ளறை அலமாரியில் அடுக்கி முடித்த நேரத்தில் அக்கா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“ரூம் எனக்குன்னுதானேம்மா சொன்னே?”

“உனக்குத்தான். சாயங்காலம் ஏழுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் மட்டும் எனக்கு. பரீட்சை முடியற வரைக்கும்.”

“அதுதாம்மா நான் படிக்கற நேரமே!”

“எனக்கும் அதுதான்டி.”

மகள் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் கோபத்திலும் ஒழுங்கு தவறாத பெண். சரியாக ஒன்பதரைக்குக் கதவைத் தட்டுவாள். ஒரு நிமிடம் முன்னால் தட்டமாட்டாள், ஒரு நிமிடம் பின்னாலும் தட்டமாட்டாள். கணவர் அதைவிட எளிதாக வழிக்கு வந்தார். “நீ படி, நான் சமைக்கறேன். ஆனா ருசியைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது” என்று ஒரே நிபந்தனை. அக்கா அத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், உப்பு இல்லாத நாட்களையும் உப்பு மட்டுமே இருந்த நாட்களையும் ஒன்று விடாமல் சொன்னார்.

என் பங்குக்கு, கழித்துக்கட்டிய சாமான்களில் இருந்து இரண்டு பழைய சுவிட்சுகளைப் பழைய இரும்பு விலைக்கு, ரசீது போட்டு, மேலதிகாரி கையெழுத்தோடு கொடுத்தேன். சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். என் வேலையும் எனக்கு முக்கியம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த அதே சாதனம் அக்காவின் உள்ளறைத் தரையில் திறந்து கிடந்தது. புத்தகம் ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தது. தெரியாத சொல்லை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினால் மகள் அர்த்தம் எழுதித் திருப்பித் தள்ளுவாள். பேசாமலே நடந்த உதவி அது.

சுற்றறிக்கை வந்து மூன்றரை மாதத்தில் பரீட்சைக்குப் போனார். கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். முடித்தவுடன் திரையிலேயே முடிவு வந்துவிடும். மத்தியானம் ஸ்டோருக்கு வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். மொத்தம் தொள்ளாயிரம், தேறுவதற்குப் பதினெட்டு மதிப்பெண் குறைவு. எந்தப் பகுதியில் கோட்டைவிட்டார் என்றும் அச்சாகியிருந்தது. பழுது கண்டறிதல்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மீனுக்கு நீச்சலில் மார்க் போய்விட்டது என்றால் சிரிப்பு வராதா?

“என்னதான் கேட்டாங்க?”

“ஒரு பிரிவுல நெட்வொர்க் வரலன்னு புகார் வருது, முதல்ல என்ன செய்வேன்னு கேட்டான். வயரைப் பாப்பேன்னு போட்டேன். ஏழெட்டுக் கேள்வி அதே மாதிரி. ஏழெட்டுக்கும் வயரைத்தான் பாத்தேன்.”

“சரியான விடை என்னவாம்?”

“புத்தகத்துல பாத்தேன். முதல்ல அங்க உக்காந்திருக்கற ஆளைக் கேக்கணுமாம். என்ன ஆச்சு, என்ன மாத்தினீங்கன்னு.”

“ஆளைக் கேட்டா ஒண்ணுமே பண்ணலன்னுதானே சொல்வான்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அக்கா.”

“கறிக்கு உதவுதோ இல்லையோ, மார்க்குக்கு உதவும்ணா” என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒரு பிசிறு இல்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள். கெடு முடிய அதற்குமேல் மூன்று நாள்தான் இருந்தது. இரண்டாவது கட்டணத்துக்கு ஒரு துணிக்கடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வயர் இழுத்தார். இந்த நேரம் பார்த்துப் பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ. தோற்றவர்களுக்கென்றே ஒரு சிறப்புத் திட்டமாம், தவணையில் கட்டலாமாம்.

“பாஸ் ஆகலேன்னா?” என்று கேட்டார் அக்கா.

“மறுபடியும் இலவசமா உக்காரலாம் மேடம்.”

“பரீட்சைலயா, கிளாஸ்லயா?”

“கிளாஸ்ல.”

போனை வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் ஒரு நொடி யோசித்தார் என்பதையும் நான் பார்த்தேன். பயம் யாரை விட்டது?

அந்த வாரத் திங்கட்கிழமை காலை, நோயாளிகளைப் பதிவு செய்கிற கவுண்டரில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரேயடியாக நின்றுவிட்டன. டோக்கன் வரவில்லை. வரிசை வாசல் வரை போய்விட்டது. குழந்தைகள் அழ, பெரியவர்கள் சத்தம்போட, அக்கா ஏணியோடு வந்தார். ஏணியை விரித்தார். முதல் படியில் காலை வைத்தார். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்தார். ஒன்பது வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், “காலைல வந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா” என்றார்.

“நான் ஒண்ணுமே பண்ணலியே!”

நான் அக்காவைப் பார்த்தேன், பாத்தீங்களா என்கிற மாதிரி. அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

“தப்பு சொல்ல வரலம்மா. எதையாவது நகர்த்தினீங்களா, துடைச்சீங்களா?”

“ஆங், மேஜைக்குக் கீழ ஒரு வயர் தொங்கிட்டிருந்துச்சு. யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்கன்னு அந்தச் சின்னப் பெட்டில காலியா இருந்த ஓட்டைல சொருகினேன்.”

அக்கா மேஜைக்குக் கீழே குனிந்தார். அந்த வயரின் இன்னொரு முனையும் அதே சுவிட்ச் பெட்டியில்தான் சொருகியிருந்தது. போன தகவல் அதே பெட்டிக்குத் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி மொத்தப் பாதையையும் அடைத்துவிட்டது. ஒரு முனையைப் பிடுங்கினார். நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் டோக்கன் மெஷின் ஓட ஆரம்பித்தது. மேலே ஏறியிருந்தால் மத்தியானம் வரை கூரைக்குள் எலியைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

ஏணியை மடித்தபடி மெதுவாகச் சொன்னார். “போன வருஷம் லேப்ல அரை நாள் மேலயே கிடந்தேனே, தானா சரியாயிடுச்சுன்னு இறங்கி வந்தேனே. அதுவும் இதேதான்ணா. யாரோ சொருகி, யாரோ எடுத்திருக்காங்க. நான்தான் யாரையும் கேக்கல.” ஒன்பது வருடப் பெருமையில் ஒரு கீறல் விழுந்தது அவர் முகத்தில் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி நான் அதன் பிறகு பேசவில்லை.

இரண்டாம் முறை, முன்பைவிட எழுபது மதிப்பெண் கூடுதலாக வாங்கித் தேறினார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், சான்றிதழையும் படிவத்தையும் கொடுக்க நிர்வாக அறைக்குப் போனபோது என்னையும் கூப்பிட்டார். எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழே வாசித்தார். பயிற்சி பெற்ற நிறுவனம் என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு கதவு எண்ணும் தெருவும் இருந்தன. அக்காவின் வீட்டு விலாசம்.

“இது புதுசா தொறந்த சென்டரா? என் மச்சான் ஒருத்தன் தேடிக்கிட்டே இருக்கான். எவ்வளவு வாங்குறாங்க?”

“வீட்டு அட்வான்ஸ் சார், அப்புறம் மாசா மாசம் வாடகை” என்றார் அக்கா. “கூடவே சமைக்க ஒரு ஆள் வேணும். அது கிடைக்கறதுதான் கஷ்டம்.”

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முத்திரை குத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் புத்தகங்களோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். சற்று நேரத்தில், அப்பா ஏதோ எடுத்துவரச் சொல்லி அவளைக் கூப்பிட வாயெடுத்திருக்கிறார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அதைத் தானே எழுந்துபோய் எடுத்து வந்தாராம். ஒன்பதரை வரை அந்தக் கதவை யாரும் தட்டவில்லை.